துப்புரவு முடிந்தது

காலையில் பல் துலக்குவதற்கு முன்பே செல்வியின் போனில் ஒரு செய்தி வந்து உட்கார்ந்திருக்கும். ‘பேக்கப் முடிந்தது. துப்புரவு முடிந்தது.’ அனுப்புவது மனிதர் யாரும் இல்லை, ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர்தான். அனுப்பச் சொல்லி எழுதி வைத்தவள் செல்வி. அரியாங்குப்பத்தில் பால் வராத நாள் உண்டு, குழாயில் தண்ணீர் வராத நாள் உண்டு, அந்தச் செய்தி வராத நாள் கிடையாது. அதைப் பார்த்த பிறகுதான் அவளுக்குக் காபி இறங்கும். வருஷக்கணக்காகப் பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்ட அதே செய்திதான் கடைசியில் அவளுக்கு ஆப்பு வைத்தது என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆக வேண்டும்.

முழுப் பெயர் செந்தமிழ்ச்செல்வி. மில்லில் வேலை பார்த்த அப்பா ஆதிமூலம் மேடைப் பேச்சு கேட்டுக் கேட்டு வைத்த பெயர். மில்லை மூடியதும் மேடையும் போயிற்று, சம்பளமும் போயிற்று. பிளஸ் டூ முடித்துக் கொஞ்சம் கம்ப்யூட்டர் படித்திருந்த மகளை ஒருநாள் டவுனுக்குக் கூட்டிக்கொண்டு போய், அவளுடைய தம்பி பிறந்தபோது பிரசவம் பார்த்த டாக்டர் தையல்நாயகியின் முன்னால் நிறுத்தினார். கீழே இருபது கட்டில் போட்ட ஆஸ்பத்திரி, மாடியில் டாக்டரம்மாவின் வீடு. வாசல் போர்டில் என்னவோ பெயர் எழுதியிருக்கும். ஊருக்கு அது தையலம்மா ஆஸ்பத்திரி. கல்யாணம் செய்துகொள்ளாதவர், கறாரானவர். செல்வியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “டைப் அடிப்பியா?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். அடிப்பேன் என்றாள். மறுநாளிலிருந்து வேலை.

வேலை என்றால் என்ன வேலை? பழைய அட்மிஷன் ரிஜிஸ்டர்களை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றுவது. யார் வந்து சேர்ந்தது, யார் கொண்டுவந்து சேர்த்தது, குழந்தை எத்தனை மணிக்குப் பிறந்தது, எடை என்ன. இந்த ஊரில் ஜாதகம் எழுதவும் ஆள் வரும், வெளிநாட்டுப் பேப்பருக்கும் ஆள் வரும். இரண்டு பேருக்கும் அந்த வரிகள்தான் வேண்டும். கழுத்து ஒடிய ஒடிய அடித்து முடித்தாள். முடித்த கொஞ்ச நாளில் ‘தானே’ என்று பெயர் வைத்த அந்தப் புயல் வந்தது. பின்கட்டில் ரிஜிஸ்டர் வைத்திருந்த அறையின் தகரம் பறந்து, மழை இறங்கி, அத்தனையும் கூழாகிப் போனது. கூழைப் பார்த்துக்கொண்டு நின்ற டாக்டரம்மா, “நீ அடிச்சு வச்சியோ, பொழச்சோம்” என்றார். அன்றிலிருந்து வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் இதே பேச்சு. கம்ப்யூட்டரில் செல்வி கைவைத்தால் ஒரு எழுத்து தவறாது. புகழ்ச்சி கேட்க நன்றாகத்தான் இருக்கும். அதைக் காப்பாற்றுவது இருக்கிறதே, அது தனி உத்தியோகம்.

புயலில் பட்ட பயத்தில்தான் அவள் பேக்கப் கற்றுக்கொண்டாள். ஆஸ்பத்திரியின் டேட்டாபேஸ் முழுவதையும் தினமும் ஒரு நகல் எடுத்து, வெளியே செருகியிருக்கும் ஹார்ட் டிஸ்க்கில் போட்டுவை என்று கம்ப்யூட்டருக்கு ஒரு கட்டளை. சில வருஷத்தில் அந்த டிஸ்க் நிரம்பி வழிந்தது. பெரிதாகப் புது டிஸ்க் வாங்கினார்கள். இதுவும் நிரம்பிவிடக் கூடாதே என்று செல்வி இரண்டாவது கட்டளை ஒன்றைச் சேர்த்தாள்: இந்த ஃபோல்டரில் இரண்டு வாரத்துக்கு மேல் பழசான எதுவாக இருந்தாலும் அழித்துவிடு. அதற்குத் துப்புரவு என்று பெயரும் வைத்தாள். எதுவாக இருந்தாலும் என்று எழுதியபோது அவளுக்குத் தன் கெட்டிக்காரத்தனத்தை நினைத்துப் பெருமையாக இருந்தது.

இதற்கிடையில் அவளுக்குக் கல்யாணமும் ஆயிற்று. கணவன் சிலம்பரசனுக்கு ஓசூரில் வண்டி செய்கிற கம்பெனியில் வேலை. நீ அங்கே, நான் இங்கே என்று சனி ஞாயிறுக் குடும்பமாகவே வண்டி ஓடியது. ஒவ்வொரு வருஷமும் செல்வி போகிறேன் என்பாள். ஒவ்வொரு வருஷமும் டாக்டரம்மா, “நீ போயிட்டா இத யாருடி பாக்கறது?” என்பார். வேறு ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. தெரியாதபடிதான் செல்வியும் வைத்திருந்தாள் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். மகள் சுடர்விழி ஐந்தாம் வகுப்பு முடிக்கப்போகிற இந்த வருஷம், ஜனவரியில், ஒருவழியாக டாக்டரம்மா இறங்கி வந்தார். “சரி போ. மே மாசம் கிளம்பு. அதுக்குள்ள பிரிஸ்கில்லாவுக்கு எல்லாத்தையும் சொல்லிக் குடுத்துடு.” ஓசூரில் ஸ்கூல் பார்த்தார்கள், ஆறாம் வகுப்புக்கு இடமும் கிடைத்தது. சுடர்விழி புது ஸ்கூலின் பெயரை நோட்டு அட்டைகளில் எல்லாம் எழுதிப் பழகினாள்.

போகிறவள் சும்மா போயிருக்கலாம். ஆஸ்பத்திரியில் இருந்தது இலவசமாகக் கிடைக்கிற டேட்டாபேஸ். ஓர் அளவுக்கு மேல் நிரம்பினால் புது நோயாளியை ஏற்றமாட்டேன் என்று அடம்பிடிக்கும். பொங்கல் கழிந்து அது அடம்பிடித்தது. செல்வி உட்கார்ந்து, தான் அடித்த அந்தப் பழைய வருஷங்களை எல்லாம் பிரித்துத் தனி ஃபைலாக எடுத்தாள். அதைப் பத்திரமாக இருக்கட்டும் என்று பேக்கப் ஃபோல்டரில் போட்டாள். போட்டுவிட்டு டேட்டாபேஸில் இருந்ததை டெலீட் செய்தாள். கம்ப்யூட்டர் காற்றாய்ப் பறந்தது. டாக்டரம்மா முதுகில் தட்டிக் கொடுத்தார். பத்திரமாக இருக்கட்டும் என்று எந்த ஃபோல்டரில் போட்டாள் என்று கவனித்தீர்களா? அவள் கவனிக்கவில்லை. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான். இரண்டு வாரம் ஆனதும் துப்புரவு வந்து, சொன்ன சொல் தவறாமல், பழசை அழித்தது. முழுசாக இருந்த நகல்களும் ஒவ்வொன்றாக வயசாகிப் போய்ச் சேர்ந்தன. மறுநாள் காலையும் செய்தி வந்தது. துப்புரவு முடிந்தது.

தெரிய வந்தது மார்ச்சில். பிரிஸ்கில்லா பில் கவுண்டரில் இருப்பவள், செல்வியைவிட மூத்தவள், நெல்லித்தோப்பில் வீடு. கணவர் லூர்துநாதன் இறந்து ஐந்தாறு வருஷம் இருக்கும். அவருடைய அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். அப்படிப்பட்டவர்களை இந்த ஊரில் சொல்தா என்பார்கள். அந்த வழியில் மகன் டோனிக்குப் பிரெஞ்சுக் குடியுரிமைப் பேப்பர் வாங்க அவள் அலைந்துகொண்டிருந்தாள். எப்படியோ பையனின் பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் விட்டுப்போயிருந்தது. அதைச் சரிசெய்ய ஆஸ்பத்திரி அட்மிஷன் விவரம் வேண்டும். பாடம் படிக்க வந்து பக்கத்தில் உட்கார்ந்தவள், “பழசு எப்டி எடுக்கறதுன்னு காட்டு செல்வி. எம் பையன் பொறந்ததையே எடுப்போமே. பழகுன மாதிரியும் ஆச்சு, எனக்கும் ஒரு காப்பி ஆச்சு” என்றாள்.

செல்வி ஃபோல்டரைத் திறந்தாள். இரண்டு வாரத்து நகல்கள் மட்டும் வரிசையாக நின்றன. கீழே இறங்கினாள், மேலே ஏறினாள். ஒரு கணம் புரியவில்லை, அடுத்த கணம் எல்லாம் புரிந்தது. பக்கத்தில் பிரிஸ்கில்லா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு காத்திருக்கிறாள்.

“இன்னா செல்வி, காணுமா?”

“இல்லக்கா. பழசு வேற டிஸ்க்குல கீது. ஏத்தணும். ரெண்டு நாள் ஆவும்.”

பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது பாருங்கள். யோசிக்கவே இல்லை, வாயிலிருந்து தானாக வந்தது. அழிந்ததை மீட்கிற சாஃப்ட்வேர்களை எல்லாம் அன்றைக்கும் அடுத்தடுத்த நாட்களிலும் போட்டுப் பார்த்தாள். அழிந்த இடத்தின் மேல் தினம் தினம் புது நகல் உட்கார்ந்திருந்தது, ஒன்றும் தேறவில்லை. இரண்டு வருஷம் கழுத்து ஒடிய அடித்தது, புயலில் தப்பியது, அவள் கையால் போனது. பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

அந்த வாரமே, ஏதோ கையெழுத்து வாங்க டாக்டரம்மாவின் அறைக்குப் போனவள் நிமிர்ந்து பார்த்தாள். அவருடைய நாற்காலிக்குப் பின்னால் ஒரு கண்ணாடி அலமாரி. டாக்டரம்மாவுக்கு ஒரு பழக்கம்: உழைத்த பொருளைக் குப்பையில் போட விடமாட்டார். அவருடைய முதல் ஸ்டெதஸ்கோப், முதல் கத்தரிக்கோல், ஓடாத பழைய ஸ்கேன் கருவி எல்லாம் அந்த அலமாரிக்குள் இருந்தன. நடுத்தட்டில், குங்குமப் பொட்டோடு, கறுப்பாக ஒரு சின்னப் பெட்டி. நிரம்பி வழிந்த அந்த முதல் டிஸ்க். மாற்றிய அன்று டாக்டரம்மா அதைக் கையில் வாங்கி, “இதுல இன்னா இருக்கு?” என்று கேட்டதும், “எல்லாமே இருக்கு மேடம்” என்று இவள் சொன்னதும், “அப்ப இது சாமிடி” என்று அவர் அலமாரியில் வைத்துப் பூட்டியதும் ஞாபகம் வந்தது.

கேட்டிருக்கலாமே என்கிறீர்கள். அலமாரியை ஆயுத பூஜை அன்றைக்குத்தான் திறப்பார். மற்ற நாளில் சாவி அவர் இடுப்புக் கொத்தைவிட்டு இறங்காது. செல்வி ஒரு தடவை சுற்றி வளைத்துக் கேட்டும் பார்த்தாள்.

“அலமாரி தூசியா கீது மேடம். சாவி குடுத்தீங்கன்னா தொடச்சு வச்சுடறேன்.”

“பூஜை அன்னிக்கு தொடச்சுக்கலாம். நீ ஊருக்குப் போற வேலையப் பாரு.”

அதற்கு மேல் கேட்க வேண்டுமென்றால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொல்ல நினைத்தபோதெல்லாம் அவளுக்கு ஜானகிராமன் ஞாபகம் வந்தார். மருந்துக் கவுண்டரில் பதினெட்டு வருஷம் இருந்தவர். ஒருநாள் இரண்டு பேருடைய மருந்தில் லேபிளை மாற்றி ஒட்டிவிட்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் டாக்டரம்மா அவரை அனுப்பிவிட்டார்; அதற்குப் பிறகு அந்தப் பெயரைக்கூட அவர் வாயால் சொல்லி யாரும் கேட்டதில்லை. ஒரு லேபிளுக்கே அந்த கதி என்றால், இத்தனை வருஷத்தை அழித்தவளுக்கு? வேலை போவது பெரிதல்ல, எப்படியும் போகப்போகிறவள்தான். அந்த முகம் தன்னைப் பார்க்காமல் திரும்பிக்கொள்ளுமே, அதைத்தான் செல்வியால் நினைத்தும் பார்க்க முடியவில்லை.

சொல்லாமல் மே மாசம் கிளம்பிவிடலாமா? கிளம்பின மறுநாளே பிரிஸ்கில்லா உட்கார்ந்து தேடுவாள். அப்போது, செல்வி அழித்துவிட்டு ஓடிவிட்டாள் என்று ஆகும். ஆக, சொல்லவும் முடியாது, போகவும் முடியாது. அலமாரி திறக்கும் நாள்வரை இங்கேயே கிடந்து, பூஜையில் வெளியே வரும் டிஸ்க்கை எப்படியாவது கைப்பற்றி, சத்தம் போடாமல் பழசை மறுபடி ஏற்றிவிட்டுத்தான் நகர முடியும். ஆயுத பூஜை அக்டோபரில். ஸ்கூல் திறப்பது ஜூனில்.

ஏப்ரலில் டாக்டரம்மாவிடம் போய், “நான் போவல மேடம்” என்றாள்.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அவர் கண் கலங்கி அதுவரைக்கும் செல்வி பார்த்ததில்லை. “எனக்குத் தெரியும்டி” என்றார். “நீ என்ன வுட்டுப் போவமாட்டேன்னு எனக்குத் தெரியும்.” ஊர் முழுக்கச் சொன்னார். புருஷன் கூப்பிட்டும் போகாமல் எனக்காக நின்றுவிட்டாள் என்று நோயாளிகளிடமும் சொன்னார், மருந்து கம்பெனிக்காரர்களிடமும் சொன்னார். சந்தோஷத்தில் அவளுக்குப் புது நாற்காலி ஒன்று வாங்கிப் போட்டார். சுழலுகிற நாற்காலி, கழுத்துக்குத் தனி மெத்தை வேறு. வார்டு வேலை பார்க்கும் சின்னப்பொண்ணு, “கலெக்டராட்டம் குந்திக்கோ” என்று கேலி செய்தாள். செல்வி உட்கார்ந்தாள். முள்ளில் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

வீட்டில் வேறு பாட்டு. “டாக்டரம்மா வுடமாட்டேன்னுட்டாங்க” என்று சிலம்பரசனிடம் சொன்னாள். அவன் போனில் கத்தினான். “உனக்கு அந்த ஆஸ்பத்திரிதான் வீடு. நானும் கொழந்தையும் யாரு?” கட்டிய பீஸும் வாங்கிய இடமும் வீணாகக் கூடாது என்று ஜூன் மாசம் வந்து சுடர்விழியை அழைத்துக்கொண்டு போனான். அங்கே அவனுடைய அக்கா வந்து சமைத்துப் போடுவதாக ஏற்பாடு. பஸ் ஸ்டாண்டில் சுடர்விழி ஜன்னல் கம்பியை விடாமல், “நீ எப்பமா வருவ?” என்று கேட்டாள். “சீக்கிரம் வந்துடறேன் கண்ணு.” அக்டோபர் என்று எப்படிச் சொல்வது? ஏன் என்று கேட்பாளே. வண்டி கிளம்பியது. செல்வி ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அரியாங்குப்பம் பாலத்தின் மேல் வந்தபோது கண்ணீர் பாதையை மறைத்தது. ஓரமாக நிறுத்திவிட்டு நின்றாள்.

அதற்குப் பிறகு அவளுடைய நாட்களை என்னவென்று சொல்வது? டாக்டரம்மாவிடம் கையெழுத்துக்குப் போகும்போதெல்லாம் அவர் தலைக்குப் பின்னால் டிஸ்க் தெரியும். கை நீட்டினால் தொடலாம், நடுவில் கண்ணாடி. காலையில் பிரிஸ்கில்லா வந்து, “இன்னிக்காவது ஏத்துவியா?” என்பாள். இவள் மென்று விழுங்குவாள். கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறது, கேபிள் சரியில்லை, அடுத்த வாரம். ஜூலையில் பிரிஸ்கில்லா கேட்பதை நிறுத்திவிட்டாள். மதியம் இரண்டு பேரும் டிபன் பாக்ஸைத் திறந்து கறியும் குழம்பும் மாற்றிக்கொள்வது வழக்கம். பிரிஸ்கில்லா தன் டப்பாவை எடுத்துக்கொண்டு கவுண்டருக்குள்ளேயே திரும்பி உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள். ஒருநாள் சின்னப்பொண்ணிடம் அவள் சொன்னது செல்வியின் காதில் விழுந்தது.

“எம் பையன் பிரான்சு போயிருவான்னு வயித்தெரிச்சல். வேற இன்னா?”

எழுந்து போய், இல்லக்கா, நான் அழித்துவிட்டேன் என்று சொல்ல நாக்கு வரைக்கும் வந்தது. சொன்னால் ஐந்து நிமிஷத்தில் விஷயம் மாடிக்குப் போய்விடும். செல்வி நாற்காலியைச் சுவர்ப்பக்கம் சுழற்றிக்கொண்டாள். சுழலும் நாற்காலியால் அன்றைக்கு அவளுக்கு அந்த ஓர் உபகாரம் நடந்தது.

போனில் சுடர்விழி முதல் மாதம் தினமும் அழுதாள். ஆகஸ்டில் அழவில்லை. செப்டம்பரில், “ஹோம்வொர்க் இருக்குமா, வச்சுடறேன்” என்று அவளே சீக்கிரம் வைத்தாள். நல்ல பெண், பழகிக்கொண்டாள் என்று செல்வி தன்னையே தேற்றிக்கொண்டாள். தேறவில்லை.

ஆயுத பூஜையும் வந்தது. பிரசவ ஆஸ்பத்திரியில் எல்லாக் கருவியையும் சாமி முன்னால் வைத்துவிட்டு உட்கார முடியாது, குழந்தை நாள் பார்த்தா வருகிறது? அதனால் வேலைக்கு ஒரு செட், பூஜைக்கு ஒரு செட். முன் ஹாலில் பெரிய தலைவாழை இலைகளைப் போட்டு, கத்தரிக்கோல், பிபி பார்க்கும் கருவி, பிரிஸ்கில்லாவின் கால்குலேட்டர், சின்னப்பொண்ணின் துடைப்பம், செல்வியின் கீபோர்டு எல்லாம் பரப்பி, அலமாரியில் இருந்ததையும் இறக்கி, டாக்டரம்மா தன் கையாலேயே ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குழைத்து வைத்தார். பொரி, கடலை, சுண்டல். டிஸ்க் இரண்டடி தூரத்தில் இருந்தது. வைத்ததை விஜயதசமி காலையில் அவர் எடுக்கச் சொல்லும் முன் தொடக் கூடாது என்பது அங்கே சட்டம். அன்றைக்கு ராத்திரியும் ஹாலில் ஆள் மாற்றி ஆள் நடந்துகொண்டே இருந்ததில், சத்தம் போடாமல் எடுக்கலாம் என்ற அவள் திட்டம் அங்கேயே படுத்துவிட்டது.

மறுநாள் காலை எல்லோரும் கூடினார்கள். அந்த ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம் உண்டு. பூஜை முடிந்ததும் ஒவ்வொருவரும் தன் கருவியை எடுத்து, அதில் சின்னதாக ஒரு வேலை செய்து காட்ட வேண்டும். நர்ஸ் டாக்டரம்மாவுக்கே பிபி பார்த்தாள். சின்னப்பொண்ணு துடைப்பத்தால் வாசலில் இரண்டு இழுப்பு இழுத்தாள். பிரிஸ்கில்லா சிலுவை போட்டுக்கொண்டு கால்குலேட்டரில் ஒரு கணக்குப் போட்டாள். அடுத்தது செல்வி. வருஷா வருஷம் கீபோர்டை எடுத்து ‘பிள்ளையார் துணை’ என்று அடிப்பாள். இந்த வருஷம் கை கீபோர்டைத் தாண்டிப் போய் டிஸ்க்கை எடுத்தது.

“அதையா?” என்றார் டாக்டரம்மா.

“ஒரு தடவ ஓட்டிப் பாக்கறேன் மேடம்.”

“இன்னைக்கு எடுத்தா நல்லதுதான். ஓட்டு, நானும் பாக்கறேன்” என்று சொல்லிவிட்டு அவர் செல்வியின் மேஜைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். பிரிஸ்கில்லாவும் வந்து பின்னால் நின்றாள். போதுமா? ஏழு மாசம் யாருக்கும் தெரியாமல் செய்ய நினைத்த காரியத்தை ஊரே பார்க்கச் செய்ய வேண்டியதாயிற்று.

கேபிள் செருகும் வாயில் வருஷா வருஷம் வைத்த சந்தனம் இறுகி அடைத்திருந்தது. ஊசி முனையால் சுரண்டி, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்துச் செருகினாள். ஒன்றும் நடக்கவில்லை. எடுத்து மறுபடி செருகினாள். சின்ன விளக்கு மினுக்கியது. உள்ளே ஏதோ கரகரவென்று சுற்றத் தொடங்கியது. திரையில் ஃபைல்கள் வந்தன, வருஷம் வருஷமாக.

பேக்கப் எடுக்க அவளுக்குத் தூக்கத்திலும் தெரியும். மீட்பதற்கு என்று எழுதி வைத்த கட்டளையை அவள் ஒருநாளும் ஓட்டிப் பார்த்ததில்லை. அதே பெயரில் மீட்டால் பழசு வந்து புதுசின் மேல் உட்கார்ந்து, இன்றைய நோயாளிகள் அத்தனை பேரும் காணாமல் போவார்கள். வேறு பெயர் கொடுத்தாள். பெயரைக் கொடுத்துவிட்டு மூன்று தடவை படித்தாள். பொத்தானை அழுத்தினாள். பத்து சதவீதம், இருபது, முப்பது. அறுபதில் நின்றுவிட்டது. உள்ளே வார்டில் ஒரு குழந்தை கத்திக்கொண்டே இருந்தது. பிறகு எழுபது என்றது.

முடிந்ததும் முதலில் தேடியது டோனியை. வந்தது. தாய் பிரிஸ்கில்லா. கொண்டுவந்து சேர்த்தவர், கணவர் லூர்துநாதன். பிரிஸ்கில்லா குனிந்து திரையில் அந்தப் பெயரின் மேல் விரலை வைத்தாள்.

“அவருதான். ஆட்டோ கெடைக்காம சைக்கிள்ள ஒக்கார வச்சு தள்ளிக்கினு வந்தாரு” என்றாள். பிறகு செல்வியைப் பார்த்து, “இதுக்காடி என்ன இத்தினி மாசம் அலைய வுட்ட?” என்றாள்.

டாக்டரம்மா முட்டாள் இல்லை. “பழசெல்லாம் இந்த கம்ப்யூட்டர்லயே இருந்துதே. எங்க போச்சு?”

“நான் அழிச்சுட்டேன் மேடம்.” சொல்லியேவிட்டாள். “தெரியாம அழிச்சுட்டேன். பொங்கலுக்கு அப்பறம்.”

“உனக்கு எப்பத் தெரிஞ்சுது?”

“மார்ச்ல.”

டாக்டரம்மா இடுப்பிலிருந்த சாவிக் கொத்தைத் தொட்டுப் பார்த்தார். “கேட்டிருந்தா சாவி குடுத்திருக்க மாட்டனா?”

“பயமா இருந்துச்சு மேடம். ஜானகிராமன் சார…”

“அவன லேபிள் மாத்துனதுக்கா அனுப்புனேன்? தெரிஞ்சும் எங்கிட்ட சொல்லாம மூணு நாள் மறைச்சான். அதுக்கு அனுப்புனேன்.” மூணு நாள் என்பதை அவர் அழுத்திச் சொல்லவில்லை. செல்வி தானாகவே தன் மாசங்களை எண்ணிக்கொண்டாள்.

டாக்டரம்மா மெதுவாகக் கேட்டார். “அப்ப இதுக்காகத்தான் நின்ன. எனக்காக நிக்கல.”

ஏதாவது சொல்லியிருக்கலாம். இல்லை மேடம், உங்களுக்காகவும்தான் என்று ஒரு பொய். இத்தனை சொன்னவளுக்கு இன்னும் ஒன்று பாரமா? ஆனால் செல்வியால் முடியவில்லை. ஆமாம் என்று தலையை ஆட்டினாள். டாக்டரம்மா எழுந்தார். “பிரிஸ்கில்லாவுக்கு ஒழுங்கா சொல்லிக் குடுத்துட்டு இந்த வாரமே கிளம்பு” என்றார். போ என்று அந்த வாய் சொல்ல வேண்டும் என்று செல்வி எத்தனை வருஷம் ஏங்கியிருக்கிறாள். வந்தேவிட்டது. அது விடுதலையா, வேலையைவிட்டுத் துரத்தலா என்று அவளுக்குப் புரியவில்லை. அவர் திரும்பிப் பார்க்காமல் மாடி ஏறினார்.

அந்த வாரம் பழசைத் தனி ஃபோல்டரில் வைத்து, துப்புரவு அந்தப் பக்கமே போகாதபடி கட்டளையைத் திருத்தினாள். இரண்டு டிஸ்க்கில் நகல் எடுத்தாள். காலையில் வரும் செய்தி, என்னென்ன இருக்கிறது என்பதையும் சொல்லும்படி மாற்றினாள். மீட்பது எப்படி என்று பிரிஸ்கில்லாவை உட்கார வைத்து அவள் கையாலேயே செய்ய வைத்தாள். பிரிஸ்கில்லா பாடத்தைக் கேட்டாள், டிபன் பாக்ஸை மட்டும் திறந்து நீட்டவில்லை. இனிமேல் செய்தி பிரிஸ்கில்லாவின் போனுக்குப் போகும். கடைசி நாள் சொல்லிக்கொள்ள மாடிக்குப் போனபோது, அம்மா தூங்குறாங்க என்று சின்னப்பொண்ணு படியிலேயே திருப்பி அனுப்பிவிட்டாள். மணி காலை பதினொன்று.

வெளியே வந்து ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றபடி ஓசூருக்குப் போன் போட்டாள். ஸ்கூல் லீவு, சுடர்விழிதான் எடுத்தாள்.

“அம்மா வந்துடறேன் கண்ணு.”

“லீவுக்காமா?”

“இல்லடி. அங்கயே இருக்கறதுக்கு. ஒரேடியா.”

குதிப்பாள், கத்துவாள் என்று செல்வி எதிர்பார்த்திருந்தாள். மகள் யோசிக்கிறாள் என்பது தெரிந்தது.

“கட்டில்ல நானும் அத்தையும் படுக்கறோம்மா. ஹால்ல அப்பா. நீ எங்க படுப்ப?”

குரலில் கோபம் ஒன்றும் இல்லை. உண்மையாகவே இடம் பார்த்துத்தான் கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் செல்வி தாங்கியிருப்பாள்.

“கீழ படுத்துக்கறேன் கண்ணு” என்றாள். “உன் கட்டிலுக்குப் பக்கத்துல, தரையில.”